கர்டெய்ல்: இந்தச் சொல்லில் 'வால்' உண்டா, இல்லையா?

மொழிமேசை

ஆங்கிலத்தில் 'கர்டெய்ல்' என்றால் குறைப்பது, பாதியில் முடித்துக்கொள்வது. இது பற்றி இரண்டு கேள்விகள்.

ஒன்று: இதில் வரும் 'டெய்ல்' வால்தானா? 'கர்' என்றால் தெருநாய், 'டெய்ல்' என்றால் வால், ஏழைகளின் நாய்களுக்கு வாலை நறுக்கிவிட வேண்டும் என்று ஒரு பழைய காட்டுச் சட்டம் இருந்தது, அதிலிருந்து சொல் பிறந்தது என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள்.

இரண்டு: கர்டெய்ல், அப்ரிட்ஜ், அப்ரிவியேட், ட்ரங்கேட், ஷார்ட்டன். எல்லாவற்றுக்கும் 'சுருக்கு' என்றே தமிழில் போட்டுவிட்டால் என்ன கெடும்? ஒரே ஆவணத்தில் இவற்றில் மூன்று வந்தால் எப்படிப் பிரித்துக் காட்டுவது?

வேர்தேடி

முதல் கேள்விக்கு: வால் உண்டு, ஆனால் நீங்கள் பார்க்கிற இடத்தில் இல்லை.

சொல்லின் பழைய வடிவம் 'கர்டல்'. வால் நறுக்கப்பட்ட குதிரைக்கு அந்தப் பெயர். பிரெஞ்சில் அது 'கூர்த்தோ', அதாவது குட்டையாக்கப்பட்டது. அதற்குள் இருப்பது 'கூர்' என்ற பிரெஞ்சுச் சொல், பொருள் 'குட்டையான'. அதற்கும் கீழே லத்தீன் 'குர்டுஸ்': வெட்டுப்பட்ட, குறைபட்ட. 'கூர்த்தோ'வின் பின்பாதி வெறும் விகுதி. ஜெர்மானிய மொழிகளிலிருந்து பிரெஞ்சுக்குள் வந்து, சற்று இளக்காரமான தொனியோடு ஒட்டிக்கொண்டது. 'ரிபால்ட்' என்ற ஆங்கிலச் சொல்லின் கடைசியிலும் அதே விகுதிதான்.

ஆகவே சொல்லைப் பிரிக்க வேண்டிய இடம் 'கர்ட் + அல்'. 'கர் + டெய்ல்' என்று பிரித்தால் வேரின் கடைசி மெய்யைப் பிய்த்து விகுதியோடு சேர்த்துவிடுகிறோம். 15ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து வினைச்சொல் எழுத்தில் கிடைக்கிறது. பிறகுதான், வால் வெட்டிய குதிரை என்ற பொருள் மனதில் இருந்ததால், 'அல்' என்ற முடிவை 'டெய்ல்' ஆகக் காது கேட்டது, கை எழுதியது. வெட்டு என்று பொருள்படும் 'தையே' என்ற பிரெஞ்சு வினையும் உடன் இழுத்திருக்கலாம். எழுத்து மாறியதும் அழுத்தமும் நகர்ந்தது. 'கர்டல்' முதலசையில் அழுத்தம் பெற்றது, 'கர்டெய்ல்' இரண்டாம் அசையில் பெறுகிறது. பழைய வடிவம் தனியே பிழைத்திருந்ததற்குச் சான்று வேண்டுமானால், ஷேக்ஸ்பியர் நாடகங்களில் வால் நறுக்கிய நாய்க்கு 'கர்டல் நாய்' என்றே வருகிறது.

பொருளில் வால் இருந்தது, வேரில் இல்லை. பொருள்தான் எழுத்தைத் தன் பக்கம் இழுத்தது. நாட்டார் சொற்பிறப்பு என்று சொல்வார்களே, அது இப்படித்தான் நடக்கும். காரணமே இல்லாமல் ஒட்டாது.

ஏட்டுச்சுவடி

காட்டுச் சட்டக் கதையையும் சரிபார்த்துவிடுவோம், அது விடாமல் சுற்றி வருகிறது.

இங்கிலாந்தில் அரச வேட்டைக் காடுகளுக்குள் வாழ்ந்தவர்களின் நாய்களை முடமாக்கும் வழக்கம் உண்மையில் இருந்தது. ஆனால் வெட்டியது வாலை அல்ல. 1217ஆம் ஆண்டின் வனப் பட்டயம் அதை வரையறுத்தே சொல்கிறது: முன்காலின் மூன்று நகங்களை, அடிப்பாத மெத்தையைத் தொடாமல் வெட்ட வேண்டும். அப்படிச் செய்யாத நாயின் சொந்தக்காரருக்கு 3 ஷில்லிங் தண்டம். நாய் மானைத் துரத்தி ஓடக் கூடாது என்பதுதான் நோக்கம். வாலை நறுக்கினால் நாயின் ஓட்டம் நிற்காது என்பதை யோசித்தாலே கதை தள்ளாடும்.

'கர்' என்ற நாய்ப் பெயருக்கும் இதற்கும் உறவில்லை. அது 13ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் இருக்கிறது, கர்டெய்லுக்கு இருநூறு ஆண்டுக்கு மேல் மூத்தது. உறுமுவது என்ற பொருளுள்ள ஜெர்மானியச் சொற்களோடு சேர்வது. 'கர்டெய்ல்' சுருங்கித்தான் 'கர்' ஆனது என்று கதையைத் திருப்பிப் போட்டாலும் நிற்காது: பிந்திப் பிறந்த சொல்லிலிருந்து முந்திப் பிறந்த சொல் எப்படி வரும்?

வேர்தேடி

ஆம், தேதிதான் முதல் சோதனை. வேர் பார்க்கும்போது நான்கு விஷயங்களை வரிசையாகப் பார்த்தால் பாதிக் கதைகள் அங்கேயே உதிர்ந்துவிடும். கிடைக்கிற மிகப் பழைய எழுத்துக்கூட்டு எது? அழுத்தம் எந்த அசையில் இருந்தது? முதல் சான்றுகளில் பொருள் என்ன? உறவுச் சொற்கள் பக்கத்து மொழிகளில் என்ன வடிவத்தில் நிற்கின்றன? இன்றைய எழுத்துக்கூட்டை வைத்துக்கொண்டு பிரிப்பதுதான் பெரும்பாலான பிழைகளுக்குக் காரணம்.

உறவுகளைப் பார்த்தால் கர்டெய்லின் குடும்பம் பெரியது. 'கர்ட்' (வெடுக்கென்று சுருக்கமாகப் பேசுவது) லத்தீன் குர்டுஸிலிருந்து நேராக வந்தது. ஜெர்மன் 'குர்ட்ஸ்', டச்சு 'கோர்ட்' இரண்டும் அதே லத்தீனிலிருந்து எடுத்த கடன். இன்னும் ஆழத்தில், வெட்டு என்ற பொருளுள்ள இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து ஜெர்மானியக் கிளை வழியாக 'ஷார்ட்', 'ஷர்ட்', 'ஸ்கர்ட்' மூன்றும் வருகின்றன. ஷர்ட் பழைய ஆங்கிலத்துக்கே உரியது, ஸ்கர்ட் நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. இரண்டும் ஒரே சொல்லின் இரட்டைப் பிள்ளைகள், 'குட்டை ஆடை'.

அகராதிப்புழு

உறவு போலத் தோன்றி உறவில்லாதவற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், பிழை அதிகம் நடப்பது அங்கேதான்.

'கர்ட்டன்' (திரை) வேறு, லத்தீன் 'கோர்டினா'. நீதிமன்றம், முற்றம் என்று வரும் 'கோர்ட்' வேறு. பிரெஞ்சில் குட்டை என்பதும் முற்றம் என்பதும் ஒரே ஒலிப்பில் வருவதால் குழப்பம்.

'ரீட்டெய்ல்', 'டீட்டெய்ல்', 'என்டெய்ல்', 'டெய்லர்' நான்கிலும் உள்ள 'டெய்ல்' வால் அல்ல, வெட்டு. துணியை வெட்டுபவர் டெய்லர். பெரிய சரக்கைத் துண்டு துண்டாக வெட்டி விற்பது ரீட்டெய்ல். ஆங்கிலச் சொத்துச் சட்டத்தில் 'ஃபீ டெய்ல்' என்றால் இன்னார் வாரிசுக்கு மட்டும் என்று வரையறுத்து வெட்டிய உரிமை. விலங்கின் வாலாகிய 'டெய்ல்' தூய ஜெர்மானியச் சொல், இவற்றோடு சேராது. வேடிக்கை போலத் தோன்றினாலும், வெட்டு என்ற பொருளுக்கு இந்த நான்கும் உரிமை கொண்டாடலாம். அதே பொருளுள்ள கர்டெய்லின் 'டெய்ல்' மட்டும் இரண்டு வீட்டுக்கும் பிறக்காத பிள்ளை.

எதிர்த்திசையில் நடந்த ஒரு பிழையும் உண்டு. பிரெஞ்சு 'கூத்லா' ஆங்கிலத்தில் 'கட்லஸ்' என்ற குறுவாளானது. கத்தி என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லின் வழி. ஆங்கிலேயர் காதில் அது 'கர்டல்-ஆக்ஸ்' என்று, அதாவது குட்டைக் கோடரி என்று விழுந்து, அப்படியே எழுதவும் பட்டது. ஆயுதத்தில் கோடரியும் இல்லை, பெயரில் குர்டுஸும் இல்லை.

ஏட்டுச்சுவடி

'கர்டல்' குதிரையோடு நின்றுவிடவில்லை. பசூன் என்ற ஊதுகருவியின் முன்னோடிக்கு இங்கிலாந்தில் கர்டல் என்றே பெயர். நீளமான துளையை ஒரே மரக்கட்டைக்குள் மடித்துத் திருப்பிவிட்டதால் கருவி பாதி நீளத்துக்குள் அடங்கியது. காற்று செல்லும் தூரம் குறையவில்லை, வெளி உருவம்தான் குட்டை.

கவிதையில் 'கர்டல் சானெட்' உண்டு. ஆங்கிலக் கவிஞர் ஜெரார்டு மேன்லி ஹாப்கின்ஸ் வகுத்த வடிவம். வழக்கமான சானெட் 8 + 6 = 14 அடி. அவர் இரு பகுதியையும் முக்கால் ஆக்கினார்: எட்டில் முக்கால் 6, ஆறில் முக்கால் நாலரை, மொத்தம் பத்தரை அடி. கடைசி அரை அடி வால் போல நிற்கும். கண்டபடி வெட்டவில்லை, விகிதம் காத்து வெட்டினார். இது எனக்கு மிகவும் பிடித்த கணக்கு.

தமிழில் இதற்கு நேரான சொல் ஒன்று கைவசம் இருக்கிறது, யாரும் எடுப்பதில்லை: கூழை. கூழை என்றால் குட்டையானது. கூழைவால் என்றால் குட்டை வால். யாப்பில் கூழைத்தொடை: நான்கு சீர் அடியில் முதல் மூன்று சீரிலும் மோனையோ எதுகையோ வந்து, கடைசிச் சீரில் வராமல் நிற்பது. கடைசியில் ஒன்று குறைகிறது, அதனால் கூழை. 'கர்டல்' என்ற பெயரடைக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் கிடைக்காது. 'கூழைச் சானெட்' என்று தயங்காமல் எழுதலாம்.

மொழிமேசை

கூழை அருமை. ஆனால் 'செலவைக் கர்டெய்ல் செய்' என்பதற்குக் கூழையாக்கு என்று எழுத முடியாதே. அப்ரிட்ஜ், அப்ரிவியேட் பக்கம் யாராவது வாருங்கள். அப்ரிட்ஜில் பாலம் இல்லை என்று மட்டும் தெரிகிறது.

வேர்தேடி

பாலம் இல்லை. அப்ரிட்ஜும் அப்ரிவியேட்டும் ஒரே லத்தீன் சொல்: 'அப்ரெவியாரே'. உள்ளே இருப்பது 'பிரெவிஸ்', குறுகிய. ஒரே சொல் இரண்டு வாசல் வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. அப்ரிட்ஜ் பழைய பிரெஞ்சு வாய்களில் தேய்ந்து 14ஆம் நூற்றாண்டளவில் வந்தது. அப்ரிவியேட் 15ஆம் நூற்றாண்டில் படித்தவர்கள் லத்தீன் ஏட்டிலிருந்து நேரே எடுத்தது. முந்தியதில் தேய்மானம் தெரிகிறது, பிந்தியதில் இல்லை.

'வி' எப்படி 'ஜ' ஆனது என்று கேட்பார்கள். லத்தீனில் 'வி'யை அடுத்து உயிர் வந்தால், அந்த இகரம் யகரமாக ஒலித்து, பிரெஞ்சில் ஜகரமாக இறுகும். இது இந்தச் சொல்லுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 'சால்வியா' என்ற மூலிகை பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் 'சேஜ்' ஆனது. 'டிலூவியம்' என்ற வெள்ளம் 'டெலூஜ்' ஆனது. மூன்றையும் அடுத்தடுத்து வைத்தால் விதி தானாகத் தெரியும்.

பிரெவிஸ் குடும்பத்தில் 'ப்ரீஃப்' இருக்கிறது, 'பிரெவிட்டி' இருக்கிறது. ஜெர்மனில் கடிதத்துக்கே 'ப்ரீஃப்' என்று பெயர். மேலைச் சங்கீதத்தில் 'ப்ரீவ்' என்ற சுரக்குறி பெயரால் குறுகியது, இன்றைய கணக்கில் முழுச் சுரத்தைப் போல இரு மடங்கு நீளம். அது பெயர் பெற்ற காலத்தில் அதைவிட நீளமான 'லோங்கா' வழக்கில் இருந்தது. அதற்கு இது குறுகியது. பிறகு சிறிய சுரங்கள் பெருகி, குறுகியதே நீளமாகிவிட்டது.

சட்டவரி

அப்ரிட்ஜ் சட்டத்தில் வரும்போது 'சுருக்கு' போட்டால் கெடும். மொழிமேசையின் இரண்டாம் கேள்விக்கு இதுவே நல்ல எடுத்துக்காட்டு.

1791இல் ஏற்கப்பட்ட அமெரிக்க அரசமைப்பின் முதல் திருத்தம் பேச்சுரிமையை அப்ரிட்ஜ் செய்யும் சட்டம் இயற்றக் கூடாது என்கிறது. இந்திய அரசமைப்பின் 13(2)ஆம் உறுப்பு, அடிப்படை உரிமைகளைப் பறிக்கிற அல்லது அப்ரிட்ஜ் செய்கிற சட்டத்தை அரசு இயற்றக் கூடாது என்கிறது. இரண்டிலும் 'குறைக்கிற' என்பதுதான் சரி. சுருக்கிய பொருளில் சாரம் மிஞ்சும் என்ற எதிர்பார்ப்பு தமிழில் உண்டு. 'கதைச் சுருக்கம்' என்றால் கதை இருக்கிறது, நீளம் இல்லை. உரிமையைச் சுருக்கினால் உரிமை மிஞ்சுகிறது என்ற தொனி வந்துவிடும். சட்டம் சொல்ல வருவது அதுவல்ல. உரிமையின் ஒரு பகுதி போனாலே தவறு என்கிறது. 13(2)இல் பறிப்பது முழு இழப்பு, குறைப்பது பகுதி இழப்பு. இந்த இரட்டை தெளிவாகத் தெரிய வேண்டும்.

கர்டெய்லும் துறைக்குத் துறை மாறும். பயணக் காப்பீட்டில் 'கேன்சலேஷன்' புறப்படுமுன் ரத்து, 'கர்டெய்ல்மென்ட்' புறப்பட்ட பின் பாதியில் திரும்புவது. இரண்டுக்கும் இழப்பீட்டுக் கணக்கு வேறு. 'பயணக் குறைப்பு' என்று எழுதினால் யாருக்கும் புரியாது. 'பயணத்தை இடையில் முடித்துக்கொள்ளல்' என்று விரித்தே எழுதுங்கள். அமெரிக்க வீட்டுக் கடனில் அதே சொல்லுக்கு அசலில் ஒரு பகுதியைத் தவணைக்கு மேல் முன்கூட்டிக் கட்டுவது என்று பொருள். அங்கே குறைவது அசல். இதைக் 'கடன் குறைப்பு' என்று எழுதினால் வங்கி தள்ளுபடி செய்ததாக வாசகர் நினைப்பார்.

மின்தடம்

மின்துறையிலும் ஒன்று. காற்றாலையோ சூரியமின் நிலையமோ தரக்கூடிய மின்சாரத்தை மின்தொகுப்பு (கிரிட்) வாங்க முடியாமல் குறைத்து ஓட்டச் சொல்வதுதான் கர்டெய்ல்மென்ட். மின்கடத்திப் பாதையில் இடமில்லாதது, அந்த நேரத்தில் தேவை குறைவாக இருப்பது, இவை வழக்கமான காரணங்கள். கணக்கு எளிது: 50 மெகாவாட் வரக்கூடிய நேரத்தில் 35க்கு மேல் விடாதே என்று 2 மணிநேரம் கட்டளை இருந்தால், இழந்தது 15 × 2 = 30 மெகாவாட் மணி.

இதை 'மின்வெட்டு' என்று மொழிபெயர்த்து வருவதைப் பார்க்க முடிகிறது. மின்வெட்டு என்றால் நுகர்வோருக்குப் போவது நிற்கிறது. இங்கே நிற்பது உற்பத்தி, வீட்டில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். 'உற்பத்தி மட்டுப்படுத்தல்' என்றால் குழப்பமில்லை.

நிரலாளர்

ட்ரங்கேட் பக்கம் சில வரிகள். லத்தீன் 'ட்ருங்குஸ்': கிளையும் தலையும் போய் வெறுமனே நிற்கும் அடிமரம், உறுப்பு இழந்த உடல். அந்தப் படம் கணினியில் சரியாகப் பொருந்தும், ஏனென்றால் ட்ரங்கேட் பொருள் பார்க்காது, இடம் பார்த்து வெட்டும்.

எண்ணில்: 3.79ஐ ஒரு தசம இடத்தோடு ட்ரங்கேட் செய்தால் 3.7. முழுமையாக்கினால் 3.8. எதிர்ம எண்ணில்தான் பலர் வழுக்குகிறார்கள்: -2.7ஐ ட்ரங்கேட் செய்தால் -2, கீழ் முழுஎண்ணுக்கு இறக்கினால் -3. இரண்டும் ஒன்று என்று நினைத்து நிரல் எழுதினால் நேர்ம எண்களில் பிழை தெரியாது, எதிர்ம எண் வந்த அன்று கணக்கு ஒன்று தள்ளிப்போகும்.

உரையில் இன்னும் மோசம். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்டு. 'தமிழ்' என்பது கண்ணுக்கு 3 எழுத்து, உள்ளே த, ம, இகரக் கொம்பு, ழ, புள்ளி என்று 5 குறிகள், 15 பைட்டு. 10 பைட்டில் வெட்டினால் ழகரத்தின் நடுவில் கத்தி இறங்கி, கடைசியில் கேள்விக்குறிப் பெட்டி தோன்றும். குறி எண்ணிக்கை பார்த்து 4இல் வெட்டினால் பெட்டி வராது, ஆனால் புள்ளி போய் 'தமிழ' என்று நிற்கும். எழுத்துத் தொகுதி எல்லை பார்த்து வெட்டுவது ஒன்றே வழி. தலைப்புகள் பாதியில் அசிங்கமாக முடிவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ட்ரங்கேட்டுக்கு 'துணி' (வெட்டு என்ற பழம்பொருளில்) என்றும் 'தறி' என்றும் பரிந்துரைகள் உண்டு. என் தேர்வு 'நறுக்கு'.

அகராதிப்புழு

அப்ரிவியேஷனுக்கும் எழுத்தளவில் இலக்கணம் உண்டு. பிரிட்டிஷ் அச்சு மரபில், சொல்லின் கடைசி எழுத்து குறுக்கத்திலும் கடைசியாக நின்றால் புள்ளி வேண்டாம்: டாக்டர், மிஸ்டர் ஆகியவற்றின் இரண்டெழுத்து வடிவங்கள் அப்படி. கடைசி எழுத்து போய்விட்டால் புள்ளி வேண்டும்: புரொபசருக்கான நாலெழுத்து வடிவம் அப்படி. அமெரிக்க மரபில் இரண்டுக்கும் புள்ளி.

'அதாவது' என்ற பொருளில் எழுதும் 'விஸ்' என்ற குறுக்கத்தில் கடைசியில் இசட் எங்கிருந்து வந்தது என்று பலருக்கும் குழப்பம். முழுச்சொல் லத்தீன் 'விடெலிகெட்', அதில் இசட் இல்லை. இடைக்கால எழுத்தர்கள் 'எட்' என்ற முடிவைக் குறிக்க 3 போன்ற ஒரு வளைவை இட்டார்கள். அச்சுக்கோப்பவர்களிடம் அந்த வளைவுக்கு அச்சு இல்லாததால் பார்வைக்கு நெருங்கிய இசட்டைப் போட்டார்கள். நம் ஏடுகளில் மேற்படி என்பதற்கு ௸, வருடத்துக்கு ௵, மாதத்துக்கு ௴ என்று இட்டதும் இதே கைவேலை. வேகமாக எழுதும் கை எழுத்துகளை ஒன்றோடொன்று கோத்துவிடுகிறது.

ஏட்டுச்சுவடி

சொல்லைக் குறுக்குவதற்கு நன்னூல் தரும் மூன்று பெயர்கள் ஆங்கிலத்துக்கும் அப்படியே பொருந்தும். முதற்குறை: தாமரை 'மரை' ஆவது, டெலிபோன் 'போன்' ஆவது. இடைக்குறை: ஓந்தி 'ஓதி' ஆவது. கடைக்குறை: நீலம் 'நீல்' ஆவது, லெபாரட்டரி 'லேப்' ஆவது. இன்ஃப்ளுயன்சா 'ஃப்ளூ' ஆனதில் தலையும் போயிற்று, வாலும் போயிற்று. நன்னூல் இவற்றைச் செய்யுள் விகாரமாகச் சொல்கிறது, ஆங்கிலத்தில் அன்றாடப் பேச்சிலேயே நடக்கிறது. அந்த வேறுபாட்டை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு பெயர்களைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

மொழிமேசை

இப்போது என் ஆவணத்துக்கு: அப்ரிட்ஜ் நூல் பற்றி வந்தால் 'சுருக்கப் பதிப்பு', உரிமை பற்றி வந்தால் 'குறை'. அப்ரிவியேட் 'குறுக்கு'. ட்ரங்கேட் 'நறுக்கு'. கர்டெய்ல் 'மட்டுப்படுத்து' அல்லது 'இடையில் முடி', எது குறைகிறது என்பதைப் பொறுத்து. ஷார்ட்டன் நீளம் மட்டும் என்றால் 'நீளம் குறை'. சரியா?

சட்டவரி

சரி, ஒரு திருத்தத்தோடு. சுருக்கப் பதிப்பு என்று போடுமுன், மூல ஆசிரியரின் வாக்கியங்களே இருக்கின்றனவா, பகுதிகள் மட்டும் விடப்பட்டனவா என்று பாருங்கள். அப்ரிட்ஜ் அதுதான். வேறொருவர் தம் சொற்களில் திருப்பி எழுதியிருந்தால் 'சாரம்' என்று போடுங்கள். பதிப்புரிமை ஒப்பந்தத்தில் இவ்விரண்டையும் தனித்தனியாக வரையறுத்திருக்கலாம். வரையறைப் பகுதியைப் படித்த பிறகு சொல்லை முடிவு செய்யுங்கள், முதல் பக்கத்தில் எடுத்த சொல்லையே கடைசிப் பக்கம் வரை வைத்திருங்கள்.